அம்மா முகம் கழுவிக்கொண்டிருக்கிறார்

டைல்ஸ்காரரின் மகள் அவருக்கு 'ங்க' போட ஆரம்பித்திருந்தாள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். பெற்ற அப்பனை வாங்க, போங்க என்று கூப்பிடும் பெண் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் அந்த வீட்டுப் பழக்கம் வேறு. அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்பா என்றால் நீ, வா, தள்ளு, உளறாத. வேலை முடிந்து விரலெல்லாம் டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் காய்ந்துபோய் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எந்த வீட்டு பாத்ரூம்ல படுத்துத் தூங்கின நீ?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்து விழும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மனுஷன் முழங்கால் தேயத் தேய நாள் முழுக்க ஊரார் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தார். இப்போது கதவு திறந்தால், "வந்துட்டீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்கிறாள். ஒவ்வொரு 'ங்க'வும் தோளில் ஒரு பெட்டி டைல்ஸ் ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. இறக்கி வைக்க இடமில்லை.

எல்லாம் ஒரு பூனைக்குட்டியால் வந்தது. பேருந்து நிலையத்து ஓரத்தில் அட்டைப்பெட்டி வைத்து விற்றவனிடம், மகளுக்குத் தெரியாமல், திடீரென்று கையில் கொடுத்து அசத்தலாம் என்று ஒரு குட்டி வாங்கி வந்தார். "ஒரிஜினல் பெர்ஷியன் சார். மூக்கே இல்ல பாருங்க" என்றான் விற்றவன். மூக்கு இல்லாதது உசத்தி என்று அவருக்கு அன்றுதான் தெரியும். மகள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, இதுக்குக் கண்ணு ஒழுகுது. நீ பாக்கலையா?" என்றாள். "பயணக் களைப்பு" என்றார். ஈரத்துணியால் துடைத்தபோது அதன் வெள்ளை நிறம் துணியோடு வந்தது. பவுடர். அதற்கும் பயணத்தையே சொன்னார். அந்த வாரம் முடிவதற்குள் குட்டி செத்துப்போனது. அழுது ஓய்ந்த மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதோட அம்மாவ நீங்க பாத்தீங்களா?"

அதுதான் முதல் 'நீங்க'. அவர் பார்த்திருக்கவில்லை.

பிராணிகள் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருக்கும் மச்சினனிடம் போய் நின்றார். அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"பெட்டியில விக்கிறவன்கிட்டயா வாங்குவீங்க, மாமா? டைல்ஸ் வாங்குறப்ப ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பீங்க இல்ல? இதுக்கும் அப்படித்தான். காது சுத்தமா இருக்கணும். கண்ணு ஒழுகக் கூடாது. மூக்கு ஒழுகக் கூடாது. வயிறு உப்பக் கூடாது. வீட்ல எது இருமினாலும் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. வம்சத்துல என்ன வியாதின்னு கேளுங்க. எல்லாத்துக்கும் மேல, அம்மாவ பாக்காம குட்டியத் தொடாதீங்க."

அவன்தான் பல்செட் அக்காவின் எண்ணைக் கொடுத்தான். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பூனை வளர்ப்பது அவர் பிடிவாதம். குட்டி கேட்டுப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேரைத் திட்டி அனுப்பிவிடுவார் என்று கேள்வி.

டைல்ஸ்காரர் போன் செய்தார்.

"ஜன்னலுக்கு வலை இருக்கா?" என்றது மறுமுனை, எடுத்த எடுப்பில்.

"போட்டுடலாங்க."

"போட்டுட்டுக் கூப்பிடுங்க."

போட்டுவிட்டுக் கூப்பிட்டார். வீட்டில் யாருக்காவது பூனை முடி ஆகாதா, பகலில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள் என்று வரிசையாகக் கேள்வி வந்தது. வேலைக்குக்கூட அவரை யாரும் இப்படித் துருவியதில்லை. கடைசியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரே ஒரு விஷயங்க. அம்மாவ பாக்கணும்."

மறுமுனை கனிந்துவிட்டது. "இத நீங்களா கேக்குறீங்களே, சந்தோஷம். வாங்க. ஆனா அம்மாவுக்கு உங்களப் புடிக்கணும். புடிக்கலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இந்த வீட்ல அவங்க வச்சதுதான் சட்டம்."

பூனையின் அம்மாவைக் கேட்டால் இந்தம்மா தன்னைப் பெற்றவளைக் காட்டுகிறேன் என்கிறாளே என்று டைல்ஸ்காரர் குழம்பினார். போகட்டும், பெரியவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்புறம் பூனையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். வயதானவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, தான் முழங்காலுக்குத் தேய்க்கும் மூட்டுவலித் தைலத்தில் புது பாட்டில் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூடி சரியாகப் பொருந்தாத பாட்டில். பாதி வழியிலேயே சட்டை மணக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வீட்டில் மரியாதை தலைகீழாகக் கிடந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே பூனை என்றால் அவர், அவங்க, வாங்க, போங்க. மனிதன் என்றால் அது.

முன்னறையே பட்டறை. அலமாரி முழுக்கப் பல்செட்டுகள் வரிசையாக உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தன. பல்செட் அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி, கையில் பாதி ராவிய கடைவாய்ப் பல்லோடு அவரை உட்காரச் சொன்னார். கையைக் கழுவச் சொன்னார். கழுவியதைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"அம்மா எழுந்துட்டாங்களாங்க?" என்றார் டைல்ஸ்காரர், பணிவாக.

"எழுந்துட்டாங்க. முகம் கழுவிக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் நேரமாகும். விரலிடுக்கெல்லாம் விடாம கழுவுவாங்க."

"இருக்கட்டுங்க. உடம்புக்கு எப்படி இருக்காங்க?"

"பிரசவத்துக்கு அப்புறம் லேசா இளைச்சாங்க. இப்ப தேறிட்டாங்க."

டைல்ஸ்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது. அக்காவின் காதோரம் நரைத்திருந்தது. இவருக்கே இப்படி என்றால் இவரைப் பெற்றவங்களுக்கு?

"யாருக்குங்க பிரசவம்?"

"அம்மாவுக்குத்தான். நாலு பேரு. எல்லாம் சுகப்பிரசவம். அதுக்கு முந்தின தடவைக்கு அப்புறம் நல்லா ஓய்வு குடுத்துத்தான் இந்தத் தடவ. சில வீட்ல மூச்சு விட விடாம பெத்துப் போடச் சொல்றாங்க. எனக்கு அது ஆகாது."

"அதுவும் சரிதாங்க" என்றார். "அப்பா இருக்காருங்களா?"

"அவரு வெளியூரு. இதயத்த ஸ்கேன் எடுத்து, சிறுநீரகம் பாத்து, ரத்தம் பாத்து, எல்லாம் சுத்தம்னு தெரிஞ்ச பிறகுதான் வரச் சொன்னோம். வந்தாரு, தங்கினாரு. அம்மா நகத்தோட ஒரு அறை விட்டாங்க. போயிட்டாரு."

"அறைஞ்சாங்களா?"

"பின்ன? வேலை முடிஞ்சும் உக்காந்திருந்தா? உள்ளூர்லயே அம்மாவோட கூடப்பிறந்தவர் ஒருத்தர் இருக்காரு. அவரையே வச்சு முடிச்சிடலாமேன்னு ஒருத்தன் யோசனை சொன்னான். ரத்த சொந்தத்துல சேத்தா பிறக்கிறவங்களோட உடம்பு என்னாகும்னு கேட்டு, வாசல் வரைக்கும் துரத்தினேன்."

டைல்ஸ்காரர் அலமாரியைப் பார்த்தார். பல்செட்டுகள் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன. எத்தனையோ வீடுகளின் கழிவறையில் மண்டியிட்டு வேலை செய்திருக்கிறார். குடும்ப ரகசியங்கள் காதில் விழாமல் இருந்ததில்லை. ஆனால் இந்த அளவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. பேச்சை வந்த காரியத்துக்குத் திருப்பினார்.

"அது எங்கங்க இருக்கு?"

"அதுவா?" அக்காவின் குரலில் இருந்த கனிவெல்லாம் வடிந்துபோனது. "ஹால்ல சோபாவுல கிடக்கு. விடிய விடிய இருமிச்சு."

டைல்ஸ்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். "மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தா துப்பிடுது."

"சாப்பாடு?"

"அதுல ஒரு குறையும் இல்ல. தின்னுட்டு அங்கயே உருண்டுடும்."

"எலி கிலி புடிக்குமா?"

"அதப் பாத்தா எலியே சிரிக்கும். போன மழைக்கு ஒண்ணு வந்தப்ப நாற்காலி மேல ஏறி நின்னுச்சு."

"ஆபரேஷன் ஏதும் பண்ணியிருக்கீங்களா?"

"குடலிறக்கத்துக்குப் பண்ணினோம். அதோட அண்ணனுக்கும் உண்டு. குடும்பமே அப்படித்தான்."

வம்சத்திலேயே குடலிறக்கம். இருமல் வேறு. திரும்பிப் பார்க்காமல் வந்துடுங்க என்று மச்சினன் சொன்னது காதில் கேட்டது. ஆனால் வெறுங்கையோடு போனால் வீட்டில் அந்த 'ங்க' காத்திருக்கும். அதற்குள் அக்கா, "அம்மா முடிச்சிட்டாங்களான்னு பாக்குறேன்" என்று உள்ளே போய்விட்டார். போன தடவை கண்ணால்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்தத் தடவை கையால் தொட்டே பார்த்துவிடுவது என்று டைல்ஸ்காரர் எழுந்து ஹாலுக்குப் போனார்.

சோபாவில் போர்வைக்குள் பெரிய குவியலாகக் கிடந்தது. பெர்ஷியன் இவ்வளவு பெரிசாக வளருமா என்று மலைத்தபடி, போர்வைக்குள் மெதுவாகக் கையை விட்டார். முதலில் காது. மயிர் அடர்த்தி. நல்ல ஜாதிதான். அடுத்து மூக்கு. மூக்கு இருந்தது, எக்கச்சக்கமாக. கீழே மீசை. மீசை சுகமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியாக வயிறு. இங்கே அவருடைய கை தொழில் பழக்கத்தில் தானாக வேலை செய்தது. விரலை மடக்கி, புதிதாகப் பதித்த தரையைத் தட்டுவது போல் மூன்று இடத்தில் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். நடுவில் பொத்தென்று வெற்றிடச் சத்தம் வந்தது.

"யாருப்பா அது, தட்டுறது?" என்றது குவியல்.

டைல்ஸ்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போர்வை விலகி, லுங்கி கட்டிய ஒரு மனிதர் எழுந்து உட்கார்ந்தார். பல்செட் அக்காவின் வீட்டுக்காரர். வயிற்றைத் தடவிக்கொண்டே, "டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லங்க. டைல்ஸ்."

"டைல்ஸுக்கு எதுக்கு என் வயித்தத் தட்டுறீங்க?"

"அது ஹால்ல கிடக்குன்னு அக்கா சொன்னாங்க. நான் பூனைன்னு நினைச்சு…"

மனிதர் போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். அவருக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது. "இந்த வீட்ல அதுன்னா நான்தான். கல்யாணம் ஆன புதுசுல நானும் அவருதான். பூனைங்க வந்துச்சு, அந்த 'ர்' அதுங்களுக்குப் போயிடுச்சு."

"அதுங்களுக்கா?" உள்ளிருந்து குரல் வந்தது.

"அவங்களுக்கு" என்று திருத்திக்கொண்டார் மனிதர்.

பல்செட் அக்கா வாசற்படியில் நின்றார். அவருக்கு முன்னால், முகம் கழுவி முடித்த களையோடு, புகை நிறத்தில் ஒரு பெரிய பூனை நடந்து வந்து ஹாலின் நடுவில் உட்கார்ந்தது. பிரசவமும் அறையும் கூடப்பிறந்தவரும் டைல்ஸ்காரருக்கு ஒரே நேரத்தில் விளங்கின. மனதுக்குள் அக்காவின் நிஜ அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அக்காவுக்கும் ஒன்று விளங்கிவிட்டது.

"அப்போ, அது எங்க இருக்கு, எலி கிலி புடிக்குமான்னு கேட்டதெல்லாம் அம்மாவையா?"

"ஆமாங்க. தெரியாம…"

"குட்டி கிடையாது. நீங்க கிளம்பலாம்."

"என்னங்க இது, ஒரு வார்த்தைக்கு…"

"வார்த்தைதான். இன்னிக்கு அதும்பீங்க. நாளைக்கு வீடு மாத்துறப்ப அட்டைப்பெட்டியில போட்டு முச்சந்தியில வச்சிட்டுப் போவீங்க. அதுன்னு சொல்றவன் அதத்தான் செய்வான்."

"என்னையும்தான் அதுங்குற" என்றார் சோபாக்காரர். "என்னை எப்பப் பெட்டியில போடப்போற?"

"உன் அளவுக்குப் பெட்டி கிடைக்கல."

டைல்ஸ்காரர் எழ முயன்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எழுந்தாலும் எங்கே போவது. தரையில் இருந்தபடியே பேசினார்.

"மரியாதைல ஒண்ணும் இல்லங்க. எம் பொண்ணு எனக்கு இப்ப ரொம்ப மரியாதை குடுக்குறா. சாப்பிடுங்க, தூங்குங்கன்னு. அதுக்கு முன்னாடி, நீ, போ, தள்ளுதான். ஒரு குட்டி வாங்கிக் குடுத்தேன். கண்ணு ஒழுகுதுன்னு அவ சொன்னா. நான் பயணக் களைப்புன்னேன். செத்துப்போச்சு. செத்துப்போனாங்க. அன்னிலேர்ந்து எனக்கு 'ங்க'. அந்த 'ங்க'வ எடுக்கத்தாங்க இங்க வந்தேன்."

பூனை எழுந்து வந்தது. அவருடைய முழங்காலை முகர்ந்தது. மடியில் ஏறியது. சட்டைப்பைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய்த் தைல வாசனையை ஒரு இழுப்பு இழுத்தது. நிமிர்ந்து, அவர் கன்னத்தில் பளார் என்று ஒரு அறை விட்டது.

"நகத்த உள்ள வச்சுக்கிட்டுத்தான் அறைஞ்சாங்க" என்றார் பல்செட் அக்கா, சற்று வியப்போடு. "அப்பாவுக்கே அந்தச் சலுகை இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பயணக் களைப்புன்னு நீங்க சொன்னப்ப, பொண்ணு நம்பினாளா?"

"இல்லங்க."

"அவளக் கூட்டிட்டு வாங்க. தெரியாம கொண்டுபோய்க் கையில குடுத்து அசத்துற வேலையெல்லாம் இங்க கிடையாது. வளக்கப் போறவ வந்து பாக்கணும். அதுவும் இப்ப இல்ல. பிள்ளைங்களுக்கு இன்னும் மூணு மாசம் ஆகல. கடிக்கக் கூடாது, பிறாண்டக் கூடாதுன்னு அம்மாகிட்ட கத்துக்கிட்டு இருக்காங்க. ஊசி போடணும். வயசு வந்ததும் குடும்பக் கட்டுப்பாடு செஞ்சுடணும். என்னிக்காவது வச்சுக்க முடியலன்னா, எந்த வயசானாலும், எங்கிட்டதான் திருப்பி விடணும்."

"சரிங்க."

"அந்தத் தைலத்த அதுகிட்ட குடுத்துட்டுப் போங்க. முதுகு வலிக்குதுன்னு ரெண்டு நாளா உசுர வாங்குது."

வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போனார். மகள் கதவைத் திறந்தாள். எங்கே போயிருந்தார் என்பது மச்சினன் மூலம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மாவ பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தாங்க?"

"அறைஞ்சாங்க." கன்னத்தைக் காட்டினார். அவள் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். நடந்ததை அவர் முதலிலிருந்து சொன்னார். பிரசவக் கதைக்கு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மீசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிற்றைத் தட்டிய இடம் வந்ததும் சமையலறைக்குள் ஓடிப்போய் அங்கே நின்று சிரித்தாள். திரும்பி வந்தபோது முகம் பழையபடி இறுகியிருந்தது.

"நான் வர்றேன். கூட்டிட்டுப் போங்க" என்றாள். 'ங்க' இருந்தது. ஆனால் கொஞ்சம் தேய்ந்திருந்தது போல அவருக்குப் பட்டது.

குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதும் போனார்கள். பல்செட் அக்கா குட்டிகள் இருந்த உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டு, அப்பனைக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்னார். நாலு பேரும் அம்மாவைச் சுற்றி உருண்டுகொண்டிருந்தார்கள். வெள்ளைக்குட்டி ஒருவர் படம் எடுக்கக் காத்திருப்பவர் போல் தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் அவரைப் பார்த்தாள், ரசித்தாள், விட்டுவிட்டாள். தரையில் படுத்துக்கொண்டாள். ஒரு சாம்பல் குட்டி ஓடிவந்து அவள் பின்னல் நுனியைப் பிடித்து இழுத்தார். அவரைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள், காதைத் திருப்பிப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தாள். தன் காதை அவர் மூக்கோடு ஒட்டிவைத்து, அசையாமல் இருந்தாள்.

"என்னம்மா கேக்குற?" என்றார் அக்கா.

"மூச்சு. பழைய குட்டி மூச்சு விடுறப்ப விசில் அடிச்சுது. இவருக்குச் சத்தமே இல்ல."

அக்கா நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி, துடைத்து, மறுபடி நெற்றியிலேயே ஏற்றினார். "மூக்க நல்லா வச்சுத்தான் பிறக்கணும்னு நாங்க பாத்துப் பாத்துச் சேக்குறோம். சப்பையா இருந்தாத்தான் அழகுன்னு கேக்குறவங்க இங்க வர வேண்டாம்."

"மூக்கும் முழியுமாதான் இருக்காரு" என்றாள் மகள்.

டைல்ஸ்காரருக்கும் ஆசை வந்து, குனிந்து குட்டியின் வயிற்றில் ஒரு விரலை மடக்கித் தட்டப் போனார்.

"அவரு என்ன தரையா?" என்றார்கள் அக்காவும் மகளும் ஒரே குரலில். ஹாலில் இருந்து தைல வாசனையோடு ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

வீட்டுக்கு வந்த அன்று குட்டி கூடையிலிருந்து இறங்கியதும் நேரே கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் ஒட்டிக்கொண்டார். கூப்பிட்டால் வரவில்லை. சோறு வைத்தால் வரவில்லை. டைல்ஸ்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொழில் பார்க்கிற மாதிரியே குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனார். "வாங்க சார். ஒண்ணும் பண்ண மாட்டோம். வெளிய வாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருடைய கால் மட்டும் வெளியே தெரிந்தது.

மச்சினனிடமிருந்து போன் வந்தது. மகள் எடுத்தாள்.

"வந்துட்டாரு மாமா. நல்லா இருக்காரு. கண்ணெல்லாம் சுத்தம். இன்னும் சாப்பிடல, கூச்சப்படுறாரு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவா? அது கட்டிலுக்கு அடியில கிடக்கு."

கட்டிலுக்கு அடியில் கால் ஆட்டம் நின்றது.

போனை வைத்துவிட்டு அவளும் தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "வாங்க, உங்களுக்குச் சாப்பாடு வச்சிருக்கேன்" என்றாள் குட்டியிடம். பிறகு அப்பன் தோளில் ஒரு இடி இடித்தாள். "நகரு. அவரு வர்ற வழியெல்லாம் நீதான் அடைச்சுக்கிட்டு கிடக்குற. அறிவே இல்ல உனக்கு."

"சரிங்க" என்றார் டைல்ஸ்காரர்.